கம்ப்யூட்டர் மில்லும் கட்டி ஐஸும்

ஓய்வு பெற்றவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வழக்கமாகப் பொன்னாடை போர்த்தி, ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். நீங்கள் பொன்னாடை இல்லாமல் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ரிலே, பிரேக்கர், எண்ணெய்ப் பரிசோதனை இதெல்லாம் மின்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் பேசப்போவது ஒரு சாயங்காலத்தைப் பற்றி. அறந்தாங்கிக்குத் தெற்கே இருக்கும் துணைமின் நிலையம் என் பொறுப்பில் இருந்த கடைசி வருடத்தில் வந்த சாயங்காலம். உங்களுக்கும் இப்படி ஒன்று வரும். என்னுடையதைவிடச் சூடாகவே வரும்.

முதலில் மில்லைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ரோட்டோரம் ஒரு நூல் மில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. சென்னையைச் சேர்ந்த ஒரு கம்பெனி அதை வாங்கி வெள்ளையடித்தது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். மில் திறந்தால் ஐந்நூறு பேருக்காவது வேலை கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சிலர் சிபாரிசுகூடத் தேடிக்கொண்டார்கள். திறந்தபோது வேலை கிடைத்தது வாட்ச்மேன்களுக்கும், ஏசி மெக்கானிக்குகளுக்கும், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு அம்மாவுக்கும்தான். உள்ளே வந்தவை கம்ப்யூட்டர்கள். செயற்கை நுண்ணறிவுக்கானவை. ஊரார் அதற்குக் 'கம்ப்யூட்டர் மில்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் சரியாகவே அமைந்துவிட்டது.

மின்இணைப்புக்கான அவர்களுடைய விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தபோது ஒரு சைபர் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். பழைய மில் முழு வேகத்தில் ஓடிய காலத்தில் கேட்டதைப்போல் பல மடங்கு கேட்டிருந்தார்கள். போன் போட்டேன். மில்லின் பொறுப்பாளர் எடுத்தார்.

"சைபரெல்லாம் சரியாத்தான் இருக்குங்க மேடம். நானே ரெண்டு தடவ எண்ணிப் பாத்தேன்" என்றார்.

அவர் பெயர் இளங்கோ. ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர். வளைகுடாவில் இதேபோன்ற கம்ப்யூட்டர் கூடம் ஒன்றில் குளிரூட்டும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். மகள் தன்னை வீடியோவில் மட்டுமே அப்பா என்று கூப்பிடுகிறாள் என்பதால் ஊருக்குத் திரும்பியவர். அறந்தாங்கியிலிருந்து கல்ஃபுக்குப் போகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கல்ஃபில் பார்த்த வேலையே பின்னால் கிளம்பி அறந்தாங்கிக்கு வந்ததை அப்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளை மில் மேனேஜர் என்று அவர் மாமனார் சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். என்ன நூல் ஓடுகிறது என்று கேட்டவர்களுக்கு இளங்கோ பதில் சொல்வதை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது.

இணைப்புக் கொடுத்து மில் ஓட ஆரம்பித்த பிறகு பார்வையிடப் போனேன். உள்ளே வரிசை வரிசையாகப் பீரோக்கள் மாதிரி நிற்கின்றன. முன்பக்கம் நின்றால் கொடைக்கானல். பின்பக்கம் போனால் இட்லிச் சட்டி. சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது.

"இதெல்லாம் என்ன செய்யுது?" என்று கத்தினேன்.

"படிக்குது மேடம்!"

"என்ன படிக்குது?"

"எல்லாத்தையும்!"

"பரீட்சை எப்ப?"

அவர் சிரிக்கவில்லை. "அது கெடையாது மேடம். படிச்சுக்கிட்டேதான் இருக்கும்" என்றார்.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். போகக்கூடாது என்றார். ஒப்பந்தத்திலும் அப்படியே இருந்தது. ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் அது குளிரூட்டிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டுமே போதும். பீரோக்களைத் தாங்காது.

பிறகு புதுக்கோட்டையில் ஒரு ஆய்வுக் கூட்டம் நடந்தது. பெரிய திரையில் படம் காட்டினார்கள். நம் மாவட்டத்தின் பொட்டல் காடுகளில் சோலார் தகடுகள் நிறைய வந்துவிட்டன, மத்தியானத்தில் மின்சாரம் மிஞ்சுகிறது, அதை வாங்கிக்கொள்ள மில் மாதிரி ஒரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்றார்கள். அதில் பொய் இல்லை. மில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுமே, வெயில் சாய்ந்த பிறகு என்ன செய்வது என்று கேட்டேன்.

"சாயங்காலத்த அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் என் மேலதிகாரி. நல்ல மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். தேநீர் வந்துவிட்டதால் கூட்டம் அதோடு முடிந்தது.

சாயங்காலம் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது.

இங்கே ஒரு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். மாநிலத்தில் மின்சாரம் இல்லாமல் போகவில்லை. காற்றாலைகள் வேறு சுற்ற ஆரம்பித்திருந்த சமயம். வெளியே கடல் மாதிரி மின்சாரம் இருக்கிறது. அதை ஊருக்குள் கொண்டுவரும் வாசல் துணைமின் நிலையத்தில் இருக்கும் இரண்டு பெரிய மின்மாற்றிகள். பகலில் பக்கத்துச் சோலார் பண்ணை உள்ளூர்த் தேவையில் பாதியைப் பார்த்துக்கொள்ளும். வாசலில் கூட்டம் இருக்காது. சூரியன் வேலை நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். வெக்கை மட்டும் ஓவர்டைம் பார்க்கும். அப்போதுதான் எல்லா வீட்டு ஏசியையும் ஒன்றாகப் போடுவார்கள். அந்தச் சுமை முழுவதும் வாசலுக்கு வரும்.

மின்மாற்றிக்கும் மனிதர்களைப்போல ஓய்வு வேண்டும். இருட்டிய பிறகு குளிர்ந்தால்தான் அடுத்த நாள் தாங்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடற்காற்று பிற்பகலிலேயே உள்ளே வந்துவிடும். அந்த வருடம் காற்று வருவதே நிச்சயமில்லாமல் இருந்தது. வந்தாலும் இஸ்திரிப் பெட்டியிலிருந்து வந்ததுபோல் வந்தது. மின்மாற்றியைச் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் கணக்கில் வைத்துக்கொண்ட வெயில்தான் வேறு.

அன்று மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள்.

உங்களில் வெளியூர்க்காரர்கள் இருப்பீர்கள். வருடாவருடம் மீன் இனப்பெருக்கத்துக்காக இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. ஜெகதாப்பட்டினத்தில் அந்த இரண்டு மாதமும் படகெல்லாம் கரையில்தான். வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், டீக்கடையில் அரசியல் பேசுவார்கள். தடை முடிந்த மறுநாள் விடியற்காலை எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். முதல் கடல்பாடுதான் நல்ல பாடு, அதில்தான் மீன் நிறைய விழும். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பக்கத்து நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அந்தப் பயத்தோடுதான் போவார்கள். ஆனால் ஐஸ் இல்லாமல் போகமாட்டார்கள். பிடித்த மீனைக் கரை சேர்ப்பது ஐஸ்தான். அதனால் தடை முடிவதற்கு முன்னாலேயே ஐஸ் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும்.

பிற்பகலில் முதல் மின்மாற்றி டமார் என்று வெடித்த சத்தத்தோடு நின்றது. அதன் தலையில் இருக்கும் பீங்கான் கூடு ஒன்று வெக்கையில் பிளந்துவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை. மாற்றுக் கூடு திருச்சியிலிருந்து வரவேண்டும். வந்து மாட்டுவதற்குள் மறுநாள் மத்தியானம் ஆகிவிடும்.

இரண்டு வாசலில் ஒன்று அடைபட்டுவிட்டது. சோலார் இருக்கிறவரை மற்றது சமாளித்தது. வெயில் மஞ்சளாக மாற ஆரம்பித்ததும் அதன் வெப்பமானி முள் நகர ஆரம்பித்தது.

பணியில் ஆரோக்கியமேரி இருந்தார். சுவிட்ச் யார்டைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர். எதற்கும் பதறாதவர்.

"மேடம், முள்ளு ஏறுது."

"எவ்வளவு வேகமா?"

"நம்ம காபி குடிக்கிற வேகத்துல."

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அந்த மின்மாற்றி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். அப்புறம் வீடு, ஐஸ் கம்பெனி, ஆஸ்பத்திரி, மில் என்று எல்லாமே இருட்டு. சூடான மின்மாற்றியை உடனே திருப்பிப் போடவும் முடியாது. ஆகவே அதற்கு முன்னால் நாமாகவே எதையாவது நிறுத்த வேண்டும். எதை என்பதுதான் கேள்வி.

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் முன்னால் துறையின் புதுச் செயலி திறந்திருந்தது. எந்தப் பகுதிக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று செயற்கை நுண்ணறிவை வைத்து முன்கூட்டியே சொல்லும் செயலி.

"கடற்கரை பீடரக் கட் பண்ணிருங்கம்மா" என்றார். பீடர் என்றால் ஒரு பகுதிக்குப் போகும் மின்பாதை. "அங்கிட்டு லோடே இல்ல. ஸ்கிரீன்ல பாக்குறேன், கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டல. யாருக்கும் பாதிப்பு இருக்காது. மில்ல மட்டும் தொடாதீங்க. அது மேல வரைக்கும் போற விஷயம்."

என் எதிரே சுவரில் மீட்டர் இருந்தது. கடற்கரை பீடர் அந்த வருடத்திலேயே மிக அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. செயலி கடந்த இரண்டு மாதத்தைப் பார்த்துப் பாடம் படித்திருந்தது. இரண்டு மாதமாக ஐஸ் கம்பெனி ஓடவில்லை. அதைப் பொறுத்தவரை ஜெகதாப்பட்டினத்தில் மீன்பிடித் தொழிலே ஒழிந்துபோய்விட்டது. தடைக்காலம் என்று ஒன்று உண்டு, அது முடியும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதை நான் குறை சொல்லமாட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு நாம் எதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை.

"சார், ஒரு சந்தேகம்" என்றேன். "அங்க லோடே இல்லைன்னா, அதக் கட் பண்ணி இங்க சூடு எப்படிக் குறையும்?"

அவர் விரலால் திரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க ஸ்பாட்ல இருக்கீங்க. பாத்து முடிவெடுங்க" என்றார். பிறகு, "மில்லைத் தொடாதீங்க" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வைத்தார். இரண்டு வாக்கியமும் ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொன்னவை. உங்களுக்கு வரும் உத்தரவுகளில் பாதி இந்த வகையில்தான் இருக்கும். பழகிக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். அவர் பெயர் வேண்டாம். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் முதலில் நாற்காலியில் உட்காரச் சொல்வார். நிற்கிறவனுக்குக் கை முந்தும் என்பார். உட்கார்ந்தேன். வீட்டு பீடர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி நிறுத்தச் சொன்னேன். ஆரோக்கியமேரி நிறுத்தினார். திட்டி வந்த போன்களையும் அவரே எடுத்தார். விவசாயப் பம்பு செட்டுகளுக்குப் பகல் சப்ளைதான் என்பதால் அவை ஏற்கெனவே நின்றிருந்தன. முள் கொஞ்சம் தயங்கியது. நிற்கவில்லை.

மீதி இருந்தவை இரண்டு பெரிய சுமைகள். ஐஸும் மில்லும்.

சேதுவுக்குப் போன் செய்தேன். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். மற்ற ஐஸ் கம்பெனிக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்பார்கள். என்னோடு பல வருடச் சண்டை அவருக்கு. அதனால் ஒருவரை ஒருவர் நம்பலாம் என்ற நிலைக்கு வந்திருந்தோம்.

"சேது, இப்ப கரண்ட நிறுத்துனா என்ன போகும்?"

"என்ன மேடம், இன்னைக்கிப் போயி இப்படிக் கேக்குறீங்க?"

"நிறுத்தப்போறேன்னு சொல்லல. என்ன போகும்னு கேக்குறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "காலையில தண்ணி ஊத்துன கேனு எல்லாம் உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள கெடக்கு. ஓரம் கட்டியாயிருச்சு. நடுவுல இன்னும் தண்ணிதான். இப்ப நின்டுச்சுன்னா அம்புட்டும் அழுக ஐஸு. படகுல ஏத்துனா கடலுக்குப் போறதுக்குள்ள கரஞ்சிரும். மறுபடி மொதல்லேர்ந்து கட்டணும்னா ஒரு நாளு முழுசா வேணும். படகு நாளைக்கி விடியக்குள்ள போகுது."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேலன்னா நான் ஊரக் காலி பண்ணிட்டு ஒங்க வீட்டுப் பக்கம் வந்துருவேன். இங்க இருக்க விடமாட்டாங்க. ரெண்டு மாசமா வேலையில்லாமக் கெடந்த சனம்."

அவர் மிரட்டவில்லை. தகவல் சொன்னார்.

அடுத்து இளங்கோ. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"மேடம், காண்ட்ராக்ட்ல..."

"காண்ட்ராக்ட் என்கிட்டயும் இருக்கு. அதுல இந்தக் கேள்விக்குப் பதில் இல்ல. நிறுத்துனா என்ன போகும்?"

கம்ப்யூட்டர்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் வெளியே நடந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். குரல் தெளிவானது.

"உண்மையச் சொல்லவா மேடம்? திடீர்னு நின்னா கொஞ்ச நேரத்து வேலை போகும். சில மெஷின் கெட்டும் போகலாம். ஆனா படிச்ச வரைக்கும் சேமிச்சு வச்சுட்டு ஒழுங்கா நிறுத்துனா ஒண்ணும் போகாது. திரும்பப் போடும்போது விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கும்."

"ஒண்ணும் போகாதா?"

"நேரம் போகும். அவ்வளவுதான்."

"அப்ப நிறுத்துங்க இளங்கோ. ஊர் தூங்கப் போனதும் திருப்பித் தர்றேன்."

"அது என்னால முடியாதுங்க." அவர் குரல் இறங்கியது. "சென்னையக் கேக்கணும். அவங்க வெளிநாட்டுக் கஸ்டமரக் கேக்கணும். அங்க இன்னும் ஆபீஸ் தொறந்திருக்காது. கேக்காம நிறுத்துனா நாளைக்கி என்னய அனுப்பிருவாங்க. திரும்ப கல்ஃபுக்குத்தான் போகணும். பாப்பாவ இந்த மாசந்தான் இங்க ஸ்கூல்ல சேத்துருக்கேன்."

நான் முள்ளைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அவரே சொன்னார். "நீங்க அங்கேர்ந்து கட் பண்ணிட்டா என் மேல ஒண்ணும் வராதுங்க மேடம். ஆனா சேமிக்க முடியாது. மெஷின் போயிரும். நான் நிறுத்துனா மெஷின் தப்பிக்கும். நான் தப்பிக்க மாட்டேன்."

இதுதான் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தராத இடம். ஒரு பக்கம் பாதி கட்டியான ஐஸ். இன்னொரு பக்கம் எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து கேட்கப்போகும் கேள்விகளுக்கான பதில்கள். நடுவில் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்த ஒரு மனிதர். மூன்றையும் ஒரே முள்ளின் முனையில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஆரோக்கியமேரி என் பக்கம் காபியை நகர்த்தினார்.

"இளங்கோ, சேமிக்கிறதுக்குச் சென்னையில அனுமதி வாங்கணுமா?"

"அது வேண்டாம். அது எங்க பொறுப்புதான். எப்ப வேணும்னாலும் சேமிக்கலாம். சேமிச்சு முடிச்ச மெஷின் சும்மா நிக்கும், அப்ப கரண்ட் போனாலும் கெடாது."

"அப்ப நீங்க சேமிங்க. நிறுத்த வேண்டாம். சேமிச்சு முடிஞ்சதும் எனக்குத் தகவல் சொல்லுங்க. நிறுத்துறது என் பொறுப்பு. நீங்க நிறுத்தல. மின்நிலையத்துல நிறுத்துனாங்க. அவ்வளவுதான்."

அவர் இதை மனதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். "சரிங்க" என்றார். "கொஞ்ச நேரம் புடிக்கும்."

"முள்ளுகிட்டச் சொல்றேன்."

மேலதிகாரிக்கு மறுபடி போன் செய்தேன். மில்லை நிறுத்தப்போகிறேன் என்றேன். எழுத்தில் அனுமதி தரமுடியாது என்றார். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு ரிட்டயர்மென்ட் கிட்ட இருக்கும்மா" என்று மட்டும் சொன்னார். ஞாபகம் இருக்கிறது என்றேன்.

பிறகு காத்திருந்தோம். நம் வேலையில் பெரும்பகுதி இதுதான். சினிமாவில் இந்த இடத்தில் ஓடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. ஆரோக்கியமேரி மில் பீடரின் சுவிட்ச் மேல் கையை வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"மேடம், கரண்ட் இருக்குமா இருக்காதா? ஒரு வார்த்த சொல்லுங்க." சேது.

"போன வைங்க சேது."

"அப்ப இருக்கும்னு எடுத்துக்கவா?"

"வைங்க!"

அன்று நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். முள் சிவப்புக் கோட்டுக்கு மயிரிழை தூரத்தில் நின்றது. சுவிட்சைத் தட்டிவிடலாமா என்று எனக்கே தோன்றியது. மெஷின் போனால் போகட்டும், யாரோ கம்பெனிக்காரனுடையது. ஆனால் இளங்கோவுக்கு ஒரு வார்த்தை கொடுத்திருந்தேன். ஆரோக்கியமேரி என் முகத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினேன், பொறு என்பதற்கு.

மறுபடி போன்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றார் இளங்கோ. மூச்சு வாங்கியது. "சேமிக்கச் சொன்னா, நெசமாத்தான் சொல்றியான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. அதான் லேட்டு."

ஆரோக்கியமேரி சுவிட்சை இறக்கினார்.

முள் உடனே இறங்கிவிடவில்லை. இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, வேறு வேலை எதுவும் இல்லாத மாதிரி, மெதுவாகத் திரும்பியது. மணி அடிப்பது நின்றது. அதற்குள் காபி ஆறியிருந்தது. இரண்டு பேரும் அதைக் குடித்தோம். ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகு மில்லுக்கு மின்சாரம் திரும்பக் கொடுத்தோம். சொன்னபடியே அது விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தது.

விடியற்காலை படகுகள் கிளம்பின. நான் பார்க்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன். நல்ல பாடு என்று பிறகு கேள்விப்பட்டேன். நன்றி சொல்ல சேது கூப்பிடுவார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். அந்தச் சாயங்காலம் வோல்டேஜ் குறைவாக இருந்ததால் மோட்டார் ஒன்று சூடாகிவிட்டதாம். புகார் பதிவு செய்துகொண்டேன்.

மில் கம்பெனி விளக்கம் கேட்டது. துறையும் என்னிடம் விளக்கம் கேட்டது. விசாரணை புதுக்கோட்டையில் நடந்தது. கம்பெனியிலிருந்து ஒரு வக்கீலும் ஒரு தொழில்நுட்ப அதிகாரியும் வந்திருந்தார்கள். இளங்கோவும் பின்னால் உட்கார்ந்திருந்தார், சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு.

வக்கீல் நிறையப் பேசினார். ஒப்பந்த மீறல் என்றார். முதலீட்டாளர்களின் நம்பிக்கை என்றார். என் முறை வந்தபோது அந்தத் தொழில்நுட்ப அதிகாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினேன்.

"அன்னைக்கி என்ன போச்சு சார்?"

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கூரையைப் பார்த்தார்.

"பெருசா எதுவும் இல்ல" என்றார் அதிகாரி. "நேரம் கொஞ்சம். பராமரிப்புக்காக நாங்களே அப்பப்ப நிறுத்தத்தான் செய்வோம்."

பிறகு அவர் இளங்கோவிடம் திரும்பி, சரியாக மின்சாரம் போவதற்கு முன்னால் சேமிக்க வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெக்கை அதிகமா இருந்துச்சுங்க சார்" என்றார் இளங்கோ. "சேமிச்சு வைக்கிறது நல்லதுன்னு தோணுச்சு."

அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதிகாரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து முடித்துக்கொண்டார்கள். ஓய்வூதியத்தைத் தொடவில்லை. சில மாதங்களில் மில்லோடு புது ஒப்பந்தம் வந்தது. கோடைச் சாயங்காலங்களில் துறை கேட்டால் மில் சுமையைக் குறைத்துக்கொள்ளும், அதற்குக் கட்டணச் சலுகை. அதை யோசித்து எழுதியவர் என் மேலதிகாரிதான். கூட்டத்தில் விளக்கும்போது, "சாயங்காலத்த நம்ம இப்பவே பாத்துரணும்" என்று தன் யோசனையாகவே சொன்னார். நான் கைதட்டினேன். யார் யோசனையாக இருந்தால் என்ன, நடந்தால் சரி. செயலிக்கும் தடைக்கால அட்டவணையை ஏற்றினார்கள். இப்போது ஜெகதாப்பட்டினத்தில் மீன் பிடிக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும்.

இனி உங்கள் முறை. இந்த மாதிரி மில்கள் இன்னும் வரும், இதைவிடப் பெரிதாக வரும். வெயிலும் அப்படித்தான் வரும். மில்லை வில்லனாக நினைக்காதீர்கள். அதுவும் ஒரு வாடிக்கையாளர், அதற்குள்ளும் ஒரு இளங்கோ இருப்பார். மனு கொடுக்க வருகிறவர்களிடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு நமக்குப் படிவம் இருக்கிறது. நிறுத்தினால் என்ன போகும் என்று கேட்பதற்குப் படிவம் இல்லை. அதை வாயால்தான் கேட்கவேண்டும். அவர்களுக்கும் அதற்குப் பதில் பெரும்பாலும் தெரியும். யாரும் கேட்காததால் சொல்வதில்லை.

போன கோடையில் நான் வீட்டில் மிளகாய் வற்றலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது இளங்கோ கூப்பிட்டார். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். மில் அளவுக்கு இல்லை என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், இன்னைக்கி வெக்கை சாஸ்தி. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே நாங்களா பாதியக் கொறச்சுட்டோம். சென்னையில சரின்னுட்டாங்க. ஒங்க ஆபீஸ்ல சொல்லலாம்னு பாக்குறேன், யாரும் போன எடுக்க மாட்டேங்குறாங்க."

நான் ரிட்டயர் ஆகிவிட்டேனே என்றேன். தெரியும், வேறு யாரையும் தெரியாது என்றார்.

அடுத்த நாள் நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து அவருடைய எண்ணைக் கட்டுப்பாட்டு அறைப் போனில் பதிவு செய்துவிட்டுப் போனேன். 'மில் இளங்கோ' என்று இருக்கும். சாயங்காலத்தில்தான் கூப்பிடுவார். உங்களில் யார் பணியில் இருந்தாலும் சரி, எடுங்கள்.